சார், 7000 எங்க போச்சு?

பதினோரு வருடமாக டி.எஸ்.பி. (ஒலி போன்ற சிக்னல்களை எண்களாக்கிக் கையாளும் டிஜிட்டல் சிக்னல் பிராசஸிங்) பாடம் நடத்துகிறேன். செமஸ்டர் தொடங்கினால் ஸ்டாஃப் ரூமில் அதே பட்டிமன்றம்: கரும்பலகையா, மேட்லாப் என்கிற கணக்கு மென்பொருளா? என் கட்சி இதுதான். இரண்டும் ஒரே வகுப்புக்குள் வரவேண்டும். செவ்வாய் தியரி, வெள்ளி லேப் என்று பிரித்ததில்தான் கோளாறே.

வெள்ளிக்கிழமை என்ன நடக்கிறது? சீனியர் கொடுத்த புரோகிராமை அடித்து, வந்த கிராஃபை ரெக்கார்டில் ஒட்டுகிறார்கள். 1000 ஹெர்ட்ஸ் சைன் அலையை விநாடிக்கு 8000 சாம்பிள் (அலையின் அந்தந்த நேரத்து அளவு) எடுத்து, எந்தெந்த அதிர்வெண் இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் எஃப்.எஃப்.டி. கணக்கைப் போட்டால் திரையில் இரண்டு முனைகள் நிற்கும், 1000-இல் ஒன்று, 7000-இல் ஒன்று. கொடுத்தது ஒன்றுதானே என்று கேட்பவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

போன வாரம் ஒரு ஸ்பீக்கரை வகுப்புக்கே தூக்கிப் போனேன். லேப்டாப்பில் ஆக்டேவ் (மேட்லாப் மாதிரிதான், ஆனால் இலவசம், லைசென்ஸ் தொல்லை இல்லை). 44,100 சாம்பிளில் 7000 ஹெர்ட்ஸ், காதைத் துளைக்கிற கீச்சு. அதே 7000-ஐ 8000 சாம்பிளில் எடுத்தால் எப்படிக் கேட்கும் என்று முதலில் நோட்டில் எழுதச் சொன்னேன். பாதிப் பேர் 'கரகரப்பாக' என்று எழுதியிருந்தார்கள். வந்ததோ சுத்தமான 1000 ஹெர்ட்ஸ். கடைசி பெஞ்சிலிருந்து குரல்: "சார், 7000 எங்க போச்சு?"

அப்புறம்தான் சாக்பீஸை எடுத்தேன். ஒரு சாம்பிளுக்கும் அடுத்ததற்கும் இடையில் அந்த அலை எட்டில் ஏழு பங்கு சுற்றுகிறது. எட்டில் ஒரு பங்கு பின்னால் சுற்றியிருந்தாலும் அதே இடத்தில்தான் நிற்கும். சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவதுபோலத் தெரியுமே, அந்தக் கதை. 8000-இல் பாதியான 4000-ஐத் தாண்டியதெல்லாம் இப்படி மாறுவேடத்தில்தான் வரும். ரெக்கார்டில் ஒட்டிய அந்த இரண்டாவது முனையும் இதே ஆள்தான். இதை எந்த மென்பொருளும் தானாக வந்து சொல்லாது.

சரி, பலகை மட்டும் போதுமா? 8 புள்ளி (அதாவது 8 சாம்பிள்) எஃப்.எஃப்.டி.யை பட்டர்ஃபிளை என்கிற படம் வரைந்து கையால் போடுகிறவனுக்கு, நேரடிக் கணக்கில் 64 ஆக இருந்த பெருக்கல்கள் 12 ஆகக் குறைந்தது பெரிய லாபமாகவே தெரியாது, படம் வரைந்தே கை ஓய்ந்துவிடும். 1024 புள்ளிக்குப் பத்து லட்சத்துக்கு மேல் இருந்தது 5120 ஆகிறது. 1965-இல் கூலியும் டியூக்கியும் எழுதிய இந்த எஃப்.எஃப்.டி. குறுக்குவழியின் அருமை, நேரடிக் கணக்கை லூப்பில் எழுதி ஓடவிட்டு, நேரத்தைப் பார்க்கும்போதுதான் உறைக்கும். ஆனால் ஒருமுறையாவது கையால் போடாதவன் அந்த லூப்பை எழுதுவதற்குள் மணி அடித்துவிடுகிறது.

அடுத்த வாரம், வேண்டாத அதிர்வெண்களை வடிகட்டும் ஃபில்டர். பக்கத்து வகுப்பு மேடம் இப்போதே விசாரித்துவிட்டார், அந்த ஸ்பீக்கர் மறுபடி வருமா என்று.