கொலிஜ் ஹவுஸ் வெள்ளைக்காரன் கட்டினது இல்ல

கட்டுரை நல்லாத்தான் இருக்கு, ஆனா கொழும்பு கம்பஸ் கொலிஜ் ஹவுஸ பிரிட்டிஷ்காரர் யூனிவர்சிட்டிக்கெண்டே கட்டினதா எழுதியிருக்கிறீங்க, அது சரியில்ல. அது ஒரு வீடு. தோமஸ் ஹென்றி ஆர்தர் டி சொய்சா கட்டின றெஜினா வலவ்வ (வலவ்வ எண்டா பெரிய மாளிகை வீடு), தன்ர மனுசிட பேர வச்சது. அவர்ட அப்பாதான் சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சா, 1870ல பிரிட்டிஷ் இளவரசர் அல்பிரட்டுக்கு விருந்து வச்சாரே அவர்தான், அந்த அப்பாட வீட்டுக்கு அல்பிரட் ஹவுஸ் எண்ட பேரும் அதாலதான் வந்தது. பிறகு அரசாங்கம் றெஜினா வலவ்வ வீட்ட வாங்கி 1921ல யூனிவர்சிட்டி கொலிஜ தொடங்கினது, 1942ல அது சிலோன் யூனிவர்சிட்டியாச்சு, ஐவர் ஜெனிங்ஸ் தான் முதல் வைஸ் சான்சலர்.

எங்கட தமிழ் ஆள் ஒருத்தர விட்டுட்டீங்களே எண்டதுதான் எனக்குக் கவலை. பொன்னம்பலம் அருணாசலம் 1906லயே சங்கம் அமைச்சு இலங்கைக்கு யூனிவர்சிட்டி வேணுமெண்டு கேட்டுக்கொண்டே இருந்தவர், அவர்ட பேர் ஒரு வரியிலகூட இல்ல!

கட்டிடக்கலை பற்றியும் தூண், வளைவு எண்டு ரெண்டு வரியோட முடிச்சிட்டீங்க. அந்தக் காலத்துப் பெரிய வீடுகள்ல சீலிங்க உயரமா வச்சு, சுத்திவர விறாந்தை போட்டு, எதிரெதிரா பெரிய ஜன்னல் வச்சதெல்லாம் சும்மா வடிவுக்கில்ல, கொழும்பு வெக்கைக்கு, சூடு மேல போக காத்து குறுக்கால ஓடும், இப்ப கட்டுற கண்ணாடிப் பெட்டிகளுக்குள்ள ஏசி இல்லாம அரைமணித்தியாலம் இருக்கேலாது.

அடுத்த பகுதியில கின்சி ரோட் மெடிக்கல் பெக்கல்ட்டியில இருக்கிற, டொக்டர் கொக் எண்டவர்ட நினைவா கட்டின மணிக்கூட்டுக் கோபுரத்தப் பற்றியும் எழுதுங்கோ, 1881ல கட்டினது.