ஒண்ணும் இல்லாதப்பவே போய் பாருங்க

நம்ம சேலத்துல கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்னு சொன்னா கேள்விப்பட்டிருக்கேன்னுதான் பொம்பளைங்க சொல்றாங்க. டெஸ்ட் எடுத்தீங்களான்னு கேட்டா மட்டும் "எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே, நான் எதுக்கு எடுக்கணும்". சிவதாபுரத்துல கொலுசு பட்டறைக்கு போற அக்காவும் இதான் சொல்றாங்க, ஏற்காட்டுல காப்பிப்பழம் பறிக்கிற எங்க சித்தியும் இதான் சொல்றாங்க.

ஒண்ணும் இல்லாதவங்களுக்குத்தாங்க அந்த டெஸ்ட்டே! இந்த நோய்க்கு காரணமான எச்பிவிங்கற வைரஸ் உள்ள தங்கி புற்றுநோயா மாறவே பெரும்பாலும் 15, 20 வருஷம் ஆகும், அத்தனை வருஷமும் வலி இருக்காது, ஒண்ணும் தெரியாது. நாத்தத்தோட வெள்ளை படுறது, புருஷனோட சேர்ந்தப்புறம் ரத்தம், தீட்டு நின்னு போனவங்களுக்கு மறுபடி ரத்தம், இதெல்லாம் வந்து ஓடுறப்ப பல பேருக்கு முத்திப்போயிருது.

30 வயசு தாண்டினா அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துலயே இலவசமா பாக்குறாங்க. படுக்க வெச்சு, கர்ப்பப்பை வாய் தெரியற மாதிரி ஒரு கருவி வெச்சு, வினிகர் மாதிரி ஒரு தண்ணிய பஞ்சுல தொட்டு தடவிட்டு ஒரு நிமிஷம் பொறுப்பாங்க. மாறுதல் இருக்கிற இடம் வெள்ளையா தெரியும். வெள்ளையா தெரிஞ்சா புற்றுநோய்னு அர்த்தம் இல்ல, பெரிய ஆஸ்பத்திரில இன்னும் நல்லா பாக்கணும்னு அர்த்தம், அந்த நிலையிலயே சரி பண்ணிரலாம். திண்டுக்கல் மாவட்டத்துல பயிற்சி குடுத்த நர்சுங்க இதே டெஸ்ட்டை செஞ்ச ஆய்வு 2007ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்துச்சு, டெஸ்ட் நடந்த ஊர்கள்ல இந்த நோயால சாவு 35 சதவீதம் குறைஞ்சிருக்கு. அப்படி இருந்தும் 2019-21 குடும்பநல சர்வேல தமிழ்நாட்டுல 30லருந்து 49 வயசுக்குள்ள இதை எடுத்தவங்க 100க்கு 10 பேர் கூட இல்லைங்க.

சித்திகிட்ட கேட்டா "அரை நாள் போனா கூலி யாருடி குடுப்பா"ங்கறாங்க. நியாயமான கேள்வி. எஸ்டேட்காரங்களும் பட்டறைக்காரங்களும் வருஷத்துல ஒரு அரை நாள் சம்பளத்தோட விட்டா என்ன குறைஞ்சிரும், அதை எல்லாரும் சேர்ந்து கேக்கணும்.

இன்னொண்ணு, வெளிய யாரும் பேசமாட்டாங்க, "அது தப்பான பொம்பளைக்கு வர்ற நோய்"னு ஒரு பேச்சு இருக்கு. கேக்கறப்ப எனக்கு வயிறு எரியுது. இந்த வைரஸ் தாம்பத்திய உறவுல பரவுறது, கல்யாணம் ஆன யாருக்கு வேணா வரலாம், வாழ்க்கைல ஒரு தடவையாவது பெரும்பாலானவங்களுக்கு வந்துட்டு தானா போயிரும், சிலருக்குத்தான் தங்கிரும். புருஷனைத் தவிர வேற யாரையும் தெரியாதவங்களுக்கும் வரும். இந்த ஒரு பேச்சுக்கு பயந்தே எத்தனை பேரு வாயத் திறக்காம இருக்காங்க தெரியுமா?

அப்புறம் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணியாச்சு, எனக்கு வேணாம்னு நினைக்காதீங்க, அதுல குழாயைத்தான் கட்டுறாங்க, கர்ப்பப்பை அப்படியேதான் இருக்கு. தீட்டு நாள் மட்டும் தள்ளிப் போங்க. ஆம்பளை டாக்டரோன்னு கூச்சமா இருந்தா நர்சக்கா பாக்கட்டும்னு கேளுங்க. கூட வர ஆள் இல்லேன்னா இன்பாக்ஸ்ல சொல்லுங்க, அம்மாபேட்டை பக்கம்னா நானே வர்றேன்.