மூன்று மொனிட்டரா, ஹெட்செட்டா?

கணினியில் விமானம் ஓட்டிப் பழகும் சிமுலேட்டருக்கென்று காசு சேர்க்கிற பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: மூன்று மொனிட்டர் வாங்குவதா, தலையில் மாட்டிக்கொண்டு உள்ளே பார்க்கும் ஒரு விஆர் ஹெட்செட் வாங்குவதா? சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். செஸ்னா மாதிரிச் சின்ன விமானத்தை வெளியே பார்த்து ஓட்டப் பழக ஆசையென்றால் ஹெட்செட். ஏர்பஸ்ஸில் ஏறி, கட்டுநாயக்காவிலிருந்து சிங்கப்பூர் வரை ஓட்டோபைலட்டில் போவதுதான் விருப்பமென்றால் நல்ல மொனிட்டரே போதும்.

ஹெட்செட்டின் பெருமை '3டி'யில்தான் இருக்கிறது என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நம் கண்மணிகளுக்கு இடையே இருக்கும் தூரம் சராசரியாக 63 மில்லிமீற்றர். கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதை இரண்டு கண்ணும் சற்று வெவ்வேறாகப் பார்க்கும். அதில் ஆழம் தெரியும். ஒரு கிலோமீற்றர் தள்ளியிருக்கும் ஓடுபாதை இரண்டு கண்ணுக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான் தெரியும். அதன் வடிவமும், அது பெரிதாகிவரும் விதமும்தான் விமானிக்கு உயரத்தையும் தூரத்தையும் சொல்கின்றன. என்விடியா முன்பு விற்ற 3டி விஷன் கண்ணாடியும் ஆழத்தைக் காட்டியதுதான். ஆனால் தலையைத் திருப்பினால் அறையின் சுவர்தான் தெரியும். 2019இல் அந்த நிறுவனம் அதைக் கைவிட்டது.

ஹெட்செட் தருவது இரண்டு விஷயம்: எல்லாம் அதனதன் உண்மையான அளவில் இருக்கும், தலை நம் கட்டுப்பாட்டில் இருக்கும்.

கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானை விமான நிலையத்தில் ஒரு சர்க்கிட், அதாவது எழும்பி ஓடுபாதையைச் சுற்றி வந்து இறங்கும் ஒரு சுற்று, அடித்துப் பாருங்கள். ஓடுபாதை 22இலிருந்து கடலைப் பார்க்க எழும்பி, இடப்பக்கம் இரண்டு தரம் திரும்பினால் டவுன்விண்ட், அதாவது ஓடுபாதைக்குச் சமாந்தரமாக எதிர்த்திசையில் போகும் பகுதி. 1000 அடியில் பறக்கும்போது ஓடுபாதை இடது தோளுக்கு நேரே வரும். நாம் இறங்கப்போகும் முனை 45 பாகை பின்னால் போனதும், ஓடுபாதைக்குக் குறுக்காகப் போகும் 'பேஸ்' பகுதிக்குத் திரும்ப வேண்டும். மொனிட்டரில் இதற்கு ஜோய்ஸ்டிக்கின் பொத்தானை அமுக்க வேண்டும். படம் சட்டென்று பக்கவாட்டுக்குத் தாவும், திரும்பி முன்னுக்கு வரும்போது விமானத்தின் மூக்கு இறங்கியிருக்கும். தலையசைவைப் பிடிக்கும் டிராக்ஐஆர் வைத்திருந்தாலும் கண் திரையை விட்டுப் போக முடியாது. ஆகவே தலையைக் கொஞ்சம் திருப்பினால் படம் பல மடங்கு திரும்பும்.

ஹெட்செட்டில் தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்தால் போதும். அப்புறம் செஸ்னா 172இன் இறக்கை மேலே இருப்பதால், இடப்பக்கம் சாயும்போது அது கீழே வந்து ஓடுபாதையை மறைத்துவிடும். உடம்பை முன்னால் வளைத்து, இறக்கையின் முன்விளிம்பைத் தாண்டி எட்டிப் பார்க்க வேண்டும். உண்மையான விமானத்தில் விமானி செய்வதும் இதைத்தான். அந்த எட்டிப்பார்க்கும் பழக்கம் உடம்பில் ஊறுகிறது பாருங்கள், அதற்காகவே நான் ஹெட்செட் பக்கம் நிற்கிறேன்.

விமான நிறுவனங்களின் பெரிய சிமுலேட்டர்களே பொதுவாக 3டி காட்டுவதில்லை. வளைந்த பெரிய கண்ணாடியில் படத்தைத் தெறிக்கவைத்து, வெளியுலகம் வெகுதூரத்தில் இருப்பது போன்ற பார்வையைத் தருகின்றன. மறுபக்கம், 2021 ஏப்ரலில் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை, விஆரில் இயங்கும் ஒரு ஹெலிகொப்டர் பயிற்சிக் கருவிக்கு முதல் தடவையாக அங்கீகாரம் கொடுத்தது. நிலத்துக்குக் கிட்டே அந்தரத்தில் ஒரே இடத்தில் நிற்கப் பழகுகிற விமானிக்கு நாலாபக்கமும் பார்ப்பதுதானே முக்கியம்!

சரி, குறைகளுக்கு வருவோம். நல்ல பார்வையுள்ள கண்ணுக்கு ஒரு பாகைக்குச் சுமார் 60 பிக்சல் வேண்டும். மெட்டாவின் குவெஸ்ட் 3 ஹெட்செட் தருவது 25 அளவில்தான். வட்ட முள் மானிகளை ஒரு பார்வையில் வாசிக்கலாம். முள் மானிகளுக்குப் பதிலாக வரும் ஜி1000 என்ற டிஜிட்டல் திரையின் சின்ன எழுத்துகளுக்கு முன்னால் குனிய வேண்டும். குவெஸ்ட் 3இன் இரண்டு திரைகளும் சேர்ந்தால் 4கே திரையை விடக் கூடுதல் பிக்சல், அதையும் விநாடிக்கு 72 அல்லது 90 தடவை வரைய வேண்டும். கிராபிக்ஸ் காட் திணறும். முகில்களையும் கட்டடங்களையும் குறைத்து, படம் வழுக்கிக்கொண்டு ஓடும்படி வையுங்கள். கண் சாய்வைக் காண, காது நாற்காலி அசையவில்லை என்று சொல்ல, வயிறு பிரட்டும். பிரட்டத் தொடங்கியவுடன் கழற்றிவிடுங்கள், தாக்குப்பிடிக்கப் பார்க்காதீர்கள். கொழும்பு வெக்கையில் நெற்றி வியர்த்து லென்ஸில் ஆவி படியும்; மின்விசிறி முகத்துக்கு நேரே இருக்கட்டும். கரண்ட் போனால் கணினியைக் காக்க யூபிஎஸ் அவசியம்.

பாவித்த எச்பி ரிவேர்ப் ஜி2 ஹெட்செட் மலிவாக வந்தால் அவசரப்பட வேண்டாம். அது இயங்க நம்பியிருந்த விண்டோஸ் மிக்ஸ்ட் ரியாலிட்டி என்ற மென்பொருளை மைக்ரோசொஃப்ட் விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் எடுத்துவிட்டது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. இதை வெறும் 'கேம்' என்று தள்ளிவிடாதீர்கள். வீட்டில் ஓட்டும் மணித்தியாலம் விமானியின் பறப்பு நேரத்தைப் பதியும் எந்த லொக்புக்கிலும் ஏறாது, உண்மைதான். ஆனால் இரத்மலானையில் ஒரு மணித்தியாலம் பறக்கப் பிடிக்கும் செலவை நம் வீடுகளில் எத்தனை பேரால் தாங்க முடியும்? அந்தப் பணம் ஒருநாள் கைக்கு வரும்போது, எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்த பிள்ளைதான் முதல் மணித்தியாலத்திலேயே பயன் எடுக்கும்.

வாங்குவதற்கு முன் யாருடைய ஹெட்செட்டையாவது போட்டு ஓட்டிப் பாருங்கள். வெள்ளவத்தைப் பக்கம் இருப்பவர்கள் இன்பொக்ஸில் சொல்லிவிட்டு என் வீட்டுக்கே வரலாம். பார்வைக் கண்ணாடி போடுகிறவர்கள் அதையும் கொண்டு வாருங்கள், உள்ளே இடம் போதுமா என்று பார்த்துவிடலாம்.