கிருமி வேறு, நஞ்சு வேறு

கல்கத்தா மருத்துவர் சம்பு நாத் டே பற்றிய கட்டுரைக்கு நன்றி. ஒரு திருத்தம்: கட்டுரை சொல்வதுபோல் காலராக் கிருமியைக் கண்டுபிடித்தவர் அவரல்ல. அதை 1884-லேயே ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக் அதே கல்கத்தாவில் பிரித்தெடுத்துவிட்டார். டே நிரூபித்தது, அந்தக் கிருமி கக்கும் நஞ்சுதான் ஆளைக் கொல்கிறது என்பதை.

நீங்கள் ஒரே வரியில் தாண்டிப்போன அந்தச் சோதனைதான் எனக்குப் பிடித்தது. முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரு முனையிலும் நூலால் கட்டி, உள்ளே கிருமியைச் செலுத்தினார். மறுநாள் பார்த்தால் அது நீர் கோத்து உப்பியிருந்தது. பிறகு கிருமி வளர்ந்த திரவத்திலிருந்து கிருமியை அறவே வடிகட்டிவிட்டு, அந்தத் திரவத்தை மட்டும் செலுத்தினார். அப்போதும் அதே உப்பல்! 1959-இல் நேச்சர் இதழில் வெளியானது. நூலும் முயலும் போதுமாயிருந்தன, பாருங்கள்.

அந்த நஞ்சின் தீங்கற்ற பகுதியைச் சேர்த்தே இன்று ஒரு வாய்வழித் தடுப்பு மருந்து தயாராகிறது. குடலிலேயே எதிர்ப்புச் சக்தி உருவாகிறது.

நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க் டேயை அந்தப் பரிசுக்குப் பரிந்துரைத்தார். நம் அறிவியல் அகாடமிகளோ 1985-இல் டே இறக்கும்வரை அவரை உறுப்பினராகக்கூடச் சேர்க்கவில்லை. அதையும் கட்டுரையில் எழுதியிருக்கலாமே ஐயா?