அந்தப் பெட்டகம் வெறும் பேராசை அல்ல
டிஸ்னி சித்திரக்கதைகளில் வரும் கோடீஸ்வர வாத்து ஸ்க்ரூஜ் மக்டக்கின் பணப் பெட்டகத்தைப் பேராசையின் சின்னம் என்று அவரைப் பற்றி நான் படித்த கட்டுரை சொல்லி முடிக்கிறது. எனக்கு அது சரியாகப் படவில்லை. சித்திரக்கதைக் கலைஞர் கார்ல் பார்க்ஸ் அவரை 1947-ல் படைத்தார். பீரங்கிகளும் பொறிகளும் காவல் நிற்கும், டக்பர்க் நகரத்துக் குன்றின் மேலுள்ள அந்தப் பெட்டகத்தின் அளவு "மூன்று கன ஏக்கர்". ஏக்கர் என்பது பரப்பளவு, அதைக் கன அளவாக்க முடியாது. என்ன ஒரு கற்பனை!

1952-ல் வந்த கதையில் பீகிள் பாய்ஸ் என்ற திருட்டுக் கும்பல் பணத்தைக் கைப்பற்றியே விடுகிறது. ஸ்க்ரூஜ் நாணயக் குவியலில் மீன் மாதிரி பாய்ந்து நீந்திக் காட்டுகிறார். அதைப் பார்த்து அவர்களும் பாய, தலையில் அடிபட்டு மயங்கி விழுகிறார்கள். சிறுவயதில் இதைப் படித்து எத்தனை முறை சிரித்திருப்பேன்!

அந்தப் பணம் அவருக்கு வெறும் எண்ணிக்கை இல்லை. ஒவ்வொரு நாணயத்தையும் எங்கே, எப்படிச் சம்பாதித்தார் என்று அவருக்கு நினைவிருக்கிறது. முதலில் சம்பாதித்த பத்து சென்ட் நாணயத்தைத் தனியாகப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறாரே, அதைக் கட்டுரையில் ஒரு வரியாவது சொல்லியிருக்கலாம்.