பத்மினியைத் தினமும் ஓட்டலாமா?

பழைய பிரீமியர் பத்மினி ஒன்று வாங்கி அதிலேயே ஆபீஸ் போய் வரலாமா என்று இன்பாக்ஸில் அடிக்கடி கேட்கிறார்கள். ஓட்டலாம். ஆனால் வீட்டில் இருக்கிற ஒரே கார் அதுவாக இருக்கக் கூடாது.

எல்லாருக்கும் இருக்கிற பயம், வழியில் நின்றுவிடுமோ என்பது. எனக்கு அது பெரிய கவலையே இல்லை. 1089 சிசி இன்ஜின், பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற ஒரு கார்புரேட்டர், ஸ்பார்க்குக்காகக் கரன்ட்டை விட்டு விட்டுத் தருகிற பாயின்ட், பிளக். பானெட்டைத் திறந்தால் எல்லாம் கைக்கு எட்டும். பாயின்ட் கருகியிருந்தால் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் ஸ்பார்க் வந்துவிடும். மே மாத வெயிலில் சிக்னல் சிக்னலாக நின்று இன்ஜினுக்குப் பெட்ரோல் இழுத்துத் தருகிற பம்ப் சூடேறி வண்டி அடங்கிவிட்டதா, பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். கிளம்பிவிடும்.

மும்பையில் பல பத்தாண்டுகள் டாக்ஸியாகவே ஓடிய வண்டிதானே என்பார்கள். உண்மைதான். அங்கே கடைசிப் பத்மினி டாக்ஸி 2023 அக்டோபரில்தான் ஓய்வு பெற்றது, அதுவும் 20 வருஷ வயது வரம்பால். ஆனால் அந்த டிரைவருக்கு வண்டியைப் பார்த்துக்கொள்வதே பிழைப்பு. நமக்கு ஒன்பதரைக்கு மீட்டிங்.

நான் பயப்படுவது பிரேக்குக்கு. நான்கு சக்கரத்திலும் பழைய ரக டிரம் பிரேக். முன்னால் போகிற புது கார் டிஸ்க் பிரேக், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிற ஏபிஎஸ் புண்ணியத்தில் சட்டென்று நின்றுவிடும். நாம் பெடலை அழுத்திக்கொண்டே இன்னும் கொஞ்ச தூரம் போவோம். சரி, இடைவெளி விட்டு ஓட்டலாம் என்றால் அந்த இடைவெளியில் ஒரு ஆட்டோ நுழையும். மழைத்தண்ணீரில் டிரம் நனைந்துவிட்டால் முதல் இரண்டு மிதிக்குப் பிடிக்கவே பிடிக்காது, பிடித்தாலும் ஒரு பக்கமாக இழுக்கும். ஏர்பேக்கும் கிடையாது. பிள்ளைகளைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு தினமும் சென்னை ஜிஎஸ்டி சாலையில் போக எனக்கு மனசு வராது.

அப்புறம் பெட்ரோல். இப்போது பங்கில் போடுவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அந்தக் காலத்து ரப்பர் ஹோஸும் பம்புக்குள் இருக்கிற டயாஃப்ரம் என்ற சவ்வும் அதைத் தாங்காது, ஊறி விரிசல் விடும். சூடான இன்ஜின் பக்கத்தில் பெட்ரோல் கசிவது விளையாட்டு இல்லை. வாங்கிய கையோடு எல்லா ஹோஸையும் எத்தனால் தாங்குகிற ரகமாக மாற்றிவிடுங்கள்.

50 வருஷம் தாண்டிய வண்டி என்றால் இன்னொரு விஷயம். 2021-ல் வந்த விதிப்படி விண்டேஜ் என்று பதிவு செய்து ‘விஏ’ நம்பர் வாங்கினால், அன்றாட உபயோகத்துக்கு ஓட்டக் கூடாது. தினமும் ஓட்ட நினைப்பவர் அந்த நம்பருக்கு ஆசைப்பட வேண்டாம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு வண்டியைக் கவர் போட்டு மூடி வைக்காதீர்கள், அது இன்னும் மோசம். பேட்டரி இறங்கும், கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும், டேங்க்கில் துரு ஏறும். வாரம் இரண்டு நாள், டிராஃபிக் தொடங்கும் முன் ஒரு சுற்று போய் வந்தால் வண்டி நன்றாகவே இருக்கும்.

வாங்கப் போகிறவர்கள் பெயின்ட் பளபளப்பில் மயங்காமல், மேட்டைத் தூக்கி ஃப்ளோரைப் பாருங்கள். இன்ஜின் வேலைக்கு ஆள் கிடைத்துவிடுவார். துருப்பிடித்த ஃப்ளோரை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து ஒழுங்காக வெல்டிங் அடிக்கிற டிங்கர்தான் இப்போது லேசில் கிடைப்பதில்லை.