பேரை மறைத்தால் போதாது, டாக்டர்

வார்டு படத்தை வாட்ஸப்பில் போட்டுவிட்டு "பேர் போடலையே" என்று சமாதானம் சொல்வது, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம்மவர்கள் நெருங்கி வாழும் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் எடுபடாது. "காவடி எடுத்த பெரியவர், சர்க்கரைப் புண்ணோடு வந்தார்" என்று எழுதினாலே தெருவுக்கு ஆள் தெரிந்துவிடும். எக்ஸ்ரே மூலையில் இருக்கும் பிறந்த தேதி, கையில் கட்டிய பட்டை, பச்சை குத்தியது எல்லாமே காட்டிக்கொடுக்கும்.

2003ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்க தேசிய சுகாதாரச் சட்டத்தில் 14ஆம் பிரிவைப் படியுங்கள். நோயும் சிகிச்சையும் மட்டுமல்ல, ஒருவர் மருத்துவமனையில் இருப்பதே ரகசியம். "பெரியப்பா எங்க வார்டிலதான் இருக்கார், கவலைப்படாதீங்க" என்று நர்ஸ் மருமகள் குடும்பக் குழுவில் போடும் ஆறுதலும், பெரியப்பா எழுத்தில் சம்மதிக்காதவரை, மீறல்தான். கசப்பாக இருக்கும், ஆனால் சட்டம் அப்படித்தான்.

"டாக்டர்கள் மட்டும் இருக்கும் குழுதானே?" 1993இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த வழக்கில், ஒரு டாக்டர் தன் நோயாளிக்கு எச்ஐவி இருப்பதை கோல்ஃப் ஆடும்போது இன்னொரு டாக்டரிடமும் பல் டாக்டரிடமும் சொன்னார். கேட்டவர்கள் இருவரும் அதே துறைக்காரர்கள்தான். ஆனாலும் நஷ்டஈடு கொடுக்க வேண்டி வந்தது. சிகிச்சையில் பங்கில்லாதவர் டாக்டரானாலும் வெளியாள்தான். 2013இல் பிரிட்டோரியா உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று இன்னும் ஒரு படி போனது: அவதூறுப் பதிவில் தன்னை டேக் செய்ததைத் தெரிந்தும் விட்டுவைத்தவரும் பொறுப்பாளி.

கூகுளில் நோயாளி திட்டி எழுதினால்தான் பலர் வழுக்குகிறார்கள். "மாத்திரையை நீங்கதான் ஒழுங்கா சாப்பிடலை" என்று பதில் போட்டால் அவர் ரகசியத்தை நீங்களே உடைத்தாயிற்று. அவர் தானே எழுதியது உங்களுக்கு அனுமதி ஆகாது. "கிளினிக்குக்கு போன் பண்ணுங்கள்" என்பதோடு நிறுத்துங்கள்.

சிகிச்சைக்குக் கொடுத்த கையெழுத்து படம் போடுவதற்குச் செல்லாது. எந்தப் படம், எதற்கு, எங்கே என்று தனித்தாளில் வாங்குங்கள். நோயாளி இறந்தாலும் ரகசியம் இறப்பதில்லை.

தவறிப் போட்டுவிட்டால், "எல்லோருக்கும் அழி" அமுக்கிவிட்டு நிம்மதியாக உட்காராதீர்கள். அதற்குள் மற்றவர் போன் கேலரியிலும் கிளவுடிலும் ஏறியிருக்கலாம். பதிவின் ஸ்கிரீன்ஷாட், நேரம், குழுவில் இருந்தவர்கள் பட்டியல் மூன்றையும் எடுத்துவைத்து, மருத்துவமனையின் தகவல் அதிகாரியிடம் அன்றைக்கே போங்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியாவின் 22ஆம் பிரிவுப்படி தகவல் ஒழுங்குமுறையாளருக்கும் நோயாளிக்கும் தெரிவிப்பது நிறுவனத்தின் வேலை. அச்சட்டத்தில் அபராதம் 1 கோடி ராண்ட் வரை போகலாம்.